ஜாதகத்தின் மேல் சைபர்

ஜூலை 28, திங்கள்

எண்ணெய்க் கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. ஏழு மாதமாக மேஜைக் கால் ஆடாமல் இருக்க அண்டை கொடுத்து வைத்திருந்தேன். இன்றிலிருந்து எழுதப் போகிறேன். கடைக்கு யார் வந்தார்கள், எதைத் தொட்டார்கள், எத்தனை நேரம் நின்றார்கள் என்று எழுத்தில் இருந்தால் நாளைக்கு ஒரு பேச்சு வரும்போது எடுத்துக் காட்டலாம். என் ஞாபகத்தை நம்பலாம். இந்த பவானி ஊரை நம்ப முடியாது.

என் திருமணத் தகவல் மையத்துக்குப் புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழையதை எடுத்துக்கொள்ள, கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற குமாரபாளையம் ஜாகீர் 10.40-க்கு வந்தான். நான் கொத்தமல்லி வாங்கிவிட்டு வருவதற்குள் பத்து நிமிடம் கம்ப்யூட்டரோடு தனியாக இருந்திருக்கிறான். கேட்டால், கோகிலவாணி கூட இருந்தாளாம். அதுதான் எனக்கு இன்னும் இடிக்கிறது.

கோகிலவாணி பதினோரு வருடமாக என்னிடம் டைப் அடிக்கிறாள். நல்லவள்தான். அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கட்டி வைத்ததே நான். ஆனால் வாயைத் திறக்காத ஆட்களைப் பார்த்தால் எனக்கு ஒரு இது உண்டு.

அவள் இன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தாள். "அக்கா, அந்த ஹார்ட் டிஸ்க்க அப்பிடியே குடுத்தராதீங்க. நாம டெலீட் பண்ணுனா பேரு மட்டும்தான் மறையுமுங்க. உள்ள இருக்கறது அப்பிடியே இருக்கும். தெரிஞ்சவன் கையில கெடச்சா ஒண்ணு விடாம எடுத்துருவான்."

"ரீசைக்கிள் பின்னையுமே காலி பண்ணிட்டனே?"

"அதும் அப்பிடித்தானுங்க. அதுக்கு மேல வேற எழுதோணும். ஒரு சாஃப்ட்வேர் இருக்குது. மொத்தத்துலயும் சைபர் சைபரா எழுதிட்டே போகும். ஆறேழு மணி நேரம் ஓடுச்சுன்னா அப்பறம் ஆராலயும் எடுக்க முடியாதுங்க."

அதில் இருப்பது ஆயிரத்து நூற்று நாற்பது ஜாதகம். பாதிப் பேருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"வாயக் கழுவு அம்மிணி! ஜாதகத்து மேல ஆராச்சும் சைபர் போடுவாங்களா? வெளங்குமா அந்தப் புள்ளைகளுக்கு?"

ஜாகீர் சிரித்துக்கொண்டே, "இல்லீன்னா சுத்தியில நாலு போடு போட்டுரட்டுங்களாக்கா?" என்றான். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், பேச்சைப் பார். டிஸ்க்கைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னேன். பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். சாவி இடுப்பில்.

ஜூலை 30, புதன்

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். கை எரிச்சல்.

நான் வரன் முடித்துக் கொடுத்த சிந்துஜாவுக்கு முகூர்த்தம் குறித்தாயிற்று, செப்டம்பர் 4. பெருந்துறை மாப்பிள்ளை பிரகதீஷ், நல்ல பையன். சாயங்காலம் சிந்துஜா தனியாக ஸ்கூட்டியில் வந்து உட்கார்ந்தாள். இந்த விஷயம் எனக்கு முன்பே தெரியும். இருபத்திரண்டு வயதில் கூடப் படித்தவனோடு பதிவுத் திருமணம் செய்து, நாலு மாதத்தில் பிரிந்து, கோர்ட்டிலும் முடிந்துவிட்டது.

"அவருகிட்ட நானே சொல்லிட்டேனுங்க ஆன்ட்டி. அவங்க அம்மாகிட்ட அவரே சொல்றேன்னு இருக்காரு. நேரம் பாத்துட்டு இருக்காரு. அதுவரைக்கும் உங்க வாயில இருந்து வந்துரக் கூடாது."

"என்ற வாயில இருந்தா? இருவத்திரண்டு வருசத்துல ஒரு சொல்லு வெளிய போயிருக்குதா கண்ணு?"

போனதும் அவள் பதிவில் உள்குறிப்பைத் திருத்தினேன். 'முன் திருமணம், ரத்து. மாப்பிள்ளைக்குத் தெரியும். மாப்பிள்ளை அம்மாவுக்குத் தெரியாது.' இந்த உள்குறிப்புப் பத்தியை அச்சடிக்க மாட்டோம், எனக்கும் கோகிலாவுக்கும் மட்டும்தான். காபி குடித்துக்கொண்டே வீட்டுக்காரர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வதெல்லாம் அதில் இருக்கிறது. வலிப்பு, பழைய நிச்சயதார்த்தம், அப்பன் குடி. எழுதி வைக்காவிட்டால் மறந்துபோய் நானே எங்கேயாவது உளறிவிடுவேன். ரகசியத்தைக் காப்பாற்றத்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. கிழிந்த சாமி படங்கள், மஞ்சள் பூத்த பழைய ஜாதகக் கட்டுகள் எல்லாவற்றையும் ஆற்றில் விட்டேன். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத ஜாதகத்தை நாங்கள் கிழிப்பதில்லை, எரிப்பதில்லை. ஆற்றில் விடுவதுதான் முறை. அதோடு இன்னொன்றையும் விட்டேன். இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, இறுக்கி ரப்பர் பேண்ட் சுற்றி, மஞ்சள் துணியில் முடிந்து, குங்குமம் வைத்து, கும்பிட்டு எறிந்தேன். தண்ணீர் பட்டு நாசமாகக் கூடாதே என்றுதான் கவர்.

காந்தம் கட்டிய கயிற்றை வீசிக் காசு எடுக்கிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்றார்கள். ஒருத்தன் கயிறு என் தோளில் பட்டது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சித்திரான்னம் கொஞ்சம் உப்பு தூக்கல்.

ஆகஸ்ட் 4, திங்கள்

"அந்த டிஸ்க்க என்ன பண்ணுனீங்கக்கா?" என்று கோகிலா கேட்டாள். சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிட்டது என்றேன். எதற்குக் கேட்கிறாள்?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மூன்று போன்.

முதல் போன் அந்தியூர் அம்மா. மகளுக்கு நான்தான் மூன்று வருடத்துக்கு முன் முடித்துக் கொடுத்தேன், பேரனும் பிறந்தாயிற்று. "யாரோ ஒருத்தன் கூப்புட்டு உங்க புள்ளைக்கு வரன் பாக்கறீங்களான்னு கேக்கறானுங்க. நட்சத்திரமெல்லாம் கரெக்டா சொல்றான். உங்ககிட்டத்தானுங்க குடுத்தோம்?" அடுத்த இரண்டும் அதே பேச்சுதான். 'வரன் மழை' என்று ஒரு வாட்ஸப் குரூப்பாம். அதில் என் பட்டியல் ஓடுகிறது. நான் எடுத்த போட்டோக்கள், என் வரிசை எண்.

கோகிலாவைப் பார்த்தேன். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. குற்றமில்லாதவளுக்கு எதற்கு முகம் வெளுக்க வேண்டும்?

ஆகஸ்ட் 20, புதன்

ஜாகீருக்குப் போன் போட்டுப் பிடி பிடி என்று பிடித்தேன். "அக்கா, டிஸ்க்க உங்க கையிலதான குடுத்தேன்? புது கம்ப்யூட்டரு பாஸ்வேர்டு உங்களுக்கும் கோகிலாக்கும்தான் தெரியும். என்னைய ஏங்க இழுக்கறீங்க?" என்றான். இரண்டு பேர் என்றால் நான் ஒருத்தி. மிச்சம் ஒருத்தி.

மத்தியானம் மௌஸ் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு முகப்பவுடர் தூவி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். நான் இல்லாதபோது தொடுகிறாளா என்று பார்க்க. திரும்பி வந்தால், "ஆரோ பவுடர் கொட்டியிருக்காங்கக்கா" என்று ஈரத்துணியால் துடைத்து வைத்திருக்கிறாள். தடயத்தை அழிக்கிறாள்!

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோகிலாவை நிறுத்திவிட்டேன்.

காலையில் வந்ததும் வராததுமாக, "அக்கா, உள்குறிப்பும் சேந்து போயிருச்சுங்களா?" என்று கேட்டாள். ஊரெல்லாம் போட்டோவைப் பற்றி, நம்பரைப் பற்றிக் கவலைப்படும்போது இவளுக்கு மட்டும் எதற்கு உள்குறிப்பு ஞாபகம் வருகிறது? எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"நீதான எடுத்துக் குடுத்த?"

"அக்கா!"

"பதினோரு வருசம் சோறு போட்ட எடத்துலயே கைய வெச்சுட்டயே. உன்னைய என்ற புள்ள மாதிரித்தான வெச்சிருந்தேன்?"

அவள் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டாள். "நான் எடுத்திருந்தா என்ன ஆயிருக்கும்னு நீங்களே ரோசிச்சுப் பாருங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றாள். மிரட்டல் மாதிரி இருந்தது. டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாலையில் நானே டைப் அடிக்கப் பார்த்தேன். 'மிருகசீரிஷம்' அடிக்கக் கால் மணி நேரம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

பிரகதீஷின் அம்மா வசந்தாமணி வந்தார். கார் கதவைச் சாத்திய சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நாற்காலியில் உட்காரவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சிந்துஜாவின் வரி. போட்டோ, நட்சத்திரம், கடைசியில் நான் ஜூலையில் எழுதிய உள்குறிப்பு, எழுத்துப் பிசகாமல்.

"இது நெசமுங்களா?"

பத்து நாளில் கல்யாணம். பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. அந்தப் பெண் என்னை நம்பிச் சொன்ன ஒரே விஷயம். நான் ஆம் என்று சொன்னால் அவள் கதி என்ன?

"அய்யோ, அதை ஏங்க கேக்கறீங்க," என்றேன். "இங்க ஒருத்தி டைப் அடிச்சிட்டு இருந்தா. திருட்டுத்தனம் பண்ணுனான்னு வெள்ளிக்கெழம நிறுத்திப்போட்டேன். அந்தக் கோவத்துல கண்டதையும் எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிப்போட்டா. சிந்துஜா தங்கமான புள்ளைங்க."

அவர் போனைப் பைக்குள் போட்டார். "இப்பிடியும் பொம்பளைங்க இருக்காங்களே," என்றார். அவள் வீடு எங்கே என்று கேட்டார். கேட்டார், சொன்னேன். கேட்டால் சொல்லாமல் இருக்க முடியுமா?

ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

காப்பாற்றத்தான் சொன்னேன். ஆனால் காலையிலிருந்து ஒரு கேள்வி குடைகிறது. பழைய டிஸ்க்கில் இருந்ததுதான் வாட்ஸப்பில் வருகிறது. புதுக் கம்ப்யூட்டர் வந்த பிறகு ஆகஸ்டில் சேர்த்த ஒன்பது ஜாதகத்தில் ஒன்றுகூட அதில் இல்லையாம், ஜாகீர் பார்த்துச் சொன்னான். சிந்துஜாவின் குறிப்பை நான் திருத்தியது ஜூலை 30. அது புதுக் கம்ப்யூட்டரில்தானே?

இல்லை. பழக்கமான கம்ப்யூட்டர் என்று புதன்கிழமை ஜாகீரிடம் சொல்லிப் பழையதைத் திரும்பக் கொண்டுவர வைத்து, டிஸ்க்கை மறுபடி மாட்டி, அதில்தான் திருத்தினேன். பிறகுதான் கோகிலா எல்லாவற்றையும் புதியதற்கு மாற்றினாள். வியாழக்கிழமை திரும்பவும் கழற்றி வாங்கிப் பீரோவில் வைத்தேன். இதை அன்று எழுதவில்லை.

மாத்திரை போட்டும் தலைவலி போகவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கும்பிட்டுவிட்டு வரலாம் என்று கூடுதுறைக்குப் போனேன். சும்மாதான். காந்தக் கயிறுகாரன் ஒருத்தன் படியில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆடிப் பதினெட்டுக்கு நல்ல வரும்படியா என்று பேச்சுக் கொடுத்தேன்.

"காசு கெடக்குதுங்க, அன்னைக்கு ஒரு கூத்து நடந்துச்சு. காந்தத்துல என்னமோ கனமா ஒட்டிட்டு வருது. பாத்தா மஞ்சத்துணி, குங்குமம். செய்வினை முடிச்சுன்னு அப்பிடியே போட்டுட்டு ஓடிட்டனுங்க. அப்பறம் கூட இருந்தவன் அவுத்துப் பாத்தான். உள்ள ரெண்டு கவரு, சொட்டுத் தண்ணி எறங்கல. கம்ப்யூட்டரு சாமானாம். பழைய இரும்புக் கடைக்குப் போட்டான். அந்தக் கடைக்காரரு ஈரோட்டுல ஆருக்கோ குடுத்தாராம்."

"எந்தப் பைத்தியக்காரி அதைப் போயி கவருல சுத்தி ஆத்துல போடுவா?" என்றேன்.

"அதானுங்க," என்று சிரித்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு ஆயிரம் பேர் ஆயிரம் மஞ்சள் துணி விடுவார்கள்.

நான்தான். வேறு யாரும் இல்லை, நான்தான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஜாகீர் அந்தப் பட்டியலை முழுதாக என் போனுக்கு அனுப்பினான். முதலிலிருந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். எத்தனை பேர் வீட்டில் இன்றைக்கு அடுப்பு எரியாதோ என்று பயந்துகொண்டே பார்த்தேன்.

212-ஆவது வரியில் நின்றுவிட்டேன். கோகிலவாணி, வயது 23, பூராடம். பழைய போட்டோ, இரட்டைச் சடை. உள்குறிப்பு என் வார்த்தையில்: 'தாய் இறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறது. உண்மையில் வேறொருவரோடு போய்விட்டாள். உயிரோடு இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டில் சொல்லவில்லை.'

இதை எழுதியதையே மறந்திருந்தேன். அவள் மறந்திருக்க மாட்டாள். பதினோரு வருடம் இந்தப் பட்டியலைத் திறந்து மூடியவள் அவள்தான். 211-க்கும் 213-க்கும் நடுவில் தன் வரியைத் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு விரல் தட்டினால் போயிருக்கும், எனக்குத் தெரியவே தெரியாது. என்னைக் கேட்காமல் ஒரு எழுத்தைத் தொடக் கூடாது என்று முதல் நாள் நான் சொன்னதற்காகத் தொடாமல் இருந்திருக்கிறாள். பட்டியலைத் திருடி விற்கிறவள் தன் குடும்பத்தையே அதில் வைத்து விற்பாளா? அன்றைக்கு அவள் சொன்னது மிரட்டல் இல்லை. இதைத்தான் என்னை யோசிக்கச் சொன்னாள்.

அந்த வீட்டு விலாசத்தை வேறு கொடுத்திருக்கிறேன். பாவி நான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சிந்துஜா வந்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தை உங்க டைப்பிஸ்ட் வீட்டு வாசல்ல போயி கத்திட்டு வந்திருக்காங்க ஆன்ட்டி. திருடி, குடும்பம் கெடுக்கறவன்னு. தெருவே கூடியிருக்கு. எங்கிட்ட வந்து, உனக்காகத் திட்டிட்டு வந்தேன் கண்ணுன்னு பெருமையா சொல்றாங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

"நெசத்தச் சொல்லிட்டேன். எழுதியிருந்தது அத்தனையும் உண்மைன்னு நானே சொல்லிட்டேன். ஒருத்தரத் திருடியாக்கிட்டு நான் மணவறையில உக்கார மாட்டேன்."

"கல்யாணம் என்ன ஆகும் கண்ணு?"

"அவரு நிக்கறாரு. அத்தை பேசறதில்ல. தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் உங்ககிட்ட சொல்லாதீங்கன்னுதான் கேட்டேன். எழுதி வைங்கன்னு எப்பக் கேட்டேன்?"

ஆகஸ்ட் 30, சனி

வசந்தாமணி போன் செய்தார். மொத்தம் இரண்டு வாக்கியம். "கல்யாணம் நடக்கும். நீங்க மட்டும் வந்துராதீங்க."

சந்தோஷத்தில் அழுதேன். அவமானத்திலும் அழுதேன் என்று எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பாலம் தாண்டி குமாரபாளையத்துக்கு நடந்தே போனேன். கோகிலாவின் தெருவில் ஞாயிற்றுக்கிழமை, எல்லா வாசலிலும் ஆள். அவள் கதவைத் திறந்தாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. பின்னால் மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே நின்னு சொல்லிடறேன் அம்மிணி," என்றேன். "அவங்க கத்துனது வாசல்லதான." பக்கத்து வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரிக் குரலை உயர்த்தினேன். டிஸ்க்கை ஆற்றில் எறிந்தது நான், அவள் சொன்னதைக் கேட்காதது நான், அவள் மேல் பழி போட்டது நான், மூன்றையும் சொன்னேன்.

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். "அவ களவாணி இல்லீன்னு எங்களுக்குத் தெரியுமுங்க. பதினோரு வருசமா ஒண்ணா சாப்புடறோம்," என்றார். "போன்ல வந்த பட்டியலயும் பாத்தாச்சு. இவ அம்மா செத்துப்போயிட்டான்னு என்ற காபியக் குடிச்சிட்டுச் சொன்னது ஆருங்க? அவளா, நீங்களா?"

"நான்தானுங்க."

"அப்ப இருவத்தி மூணு வயசுப் புள்ள, பாவம், அவளுக்கு என்ன தெரியும். நீங்க சொல்லிக் குடுத்ததச் சொன்னா." அவ்வளவுதான் சொன்னார். உள்ளே போய்விட்டார்.

கோகிலா வாசற்படியில் நின்றாள். நான் கையெடுத்துக் கும்பிடப் போனேன், அவள் பிடித்துத் தடுத்தாள்.

"வேண்டாமுங்க. மன்னிச்சேன்னு சொல்ற அளவுக்கு எனக்கு இன்னும் மனசு வரல."

"சரி அம்மிணி."

"எங்கம்மா இந்த ஊர்லதானுங்க இருக்கறாங்க. வாரச் சந்தையில எதுத்தாப்பல வருவாங்க. செத்துப்போனவங்கன்னு சொல்லியாச்சே, அதனால பாக்காத மாதிரியே போயிருவேன். ஒருக்கா எம் பையன் கையப் புடிச்சிட்டு நிக்கறப்ப வந்தாங்க. அவன் பேரென்னன்னு கேட்டாங்க. நான் பதில் சொல்லாம இழுத்துட்டுப் போயிட்டேன்."

கையை விட்டாள். உள்ளே திரும்பிப் பையனைக் கூப்பிட்டாள், செருப்புப் போடச் சொன்னாள். மாமியார் உள்ளேயிருந்து ஒரு பையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். சீப்போடு வாழைப்பழம் தெரிந்தது.

"எங்க போற?" என்று கேட்டேன்.

"பேரு சொல்லப் போறேனுங்க," என்றாள்.

நான் வழி விட்டு நின்றேன்.